கல்யாணப் பூசையில் நன்மை வாங்காதவள்

அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கோயில் பதிவேட்டில் பத்திரமாக இருந்ததே தவிர யார் வாயிலும் புழங்கவில்லை. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் இருபது வருஷமாகப் பல் செட் செய்துகொண்டிருந்ததால் எல்லாருக்கும் அவள் பல்லக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பல் போன பிறகு வயசு வித்தியாசம் பார்த்து என்ன ஆகப்போகிறது?

டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் ஒழுங்காகக் கடிக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிறப் பசையை அழுத்தி, வெந்நீரில் வேகவைத்து, அரத்தால் ராவி, மெருகேற்றுவாள். விரல் நுனியெல்லாம் எப்போதும் வெள்ளையாகப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். கோயிலில் கைகுவித்து நிற்கும்போதுகூட அது போகாது.

அவளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. எழுபது வயசுக்காரர் வந்து, "பால் மாதிரி வெள்ளையா வேணும்" என்றால் செய்ய மாட்டாள். "பொய்ப் பல்லுதான் செய்யறேன், அதுக்காகப் பல்லே பொய் சொல்லணுமா?" என்று கேட்டு, வயசுக்கேற்ற மங்கல் நிறத்தைத்தான் எடுப்பாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் அவள் செய்த செட் யாருக்கும் ஆடியதில்லை, கழன்றதில்லை. அதனால் அவரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்.

இப்படி ஊருக்கெல்லாம் வாய் நிறையப் பல் கட்டிக் கொடுத்தவளை ஊர் அந்தப் பல்லாலேயே மென்றது. புருஷன் விட்டுவிட்டுப் போன பெண்ணை ஊர் சும்மா விடுமா?

அவன் பிரிட்ஜ் மெக்கானிக். பதினொரு வருஷம் அவளோடு இருந்தான். அடித்ததில்லை, குடித்ததில்லை. இரண்டு முறை கரு தங்காமல் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் கடுக்க நின்றவன்தான். அப்புறம் என்னவோ, வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிப்போனது, பேச்சு குறைந்தது, ஒரு நாள் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பவில்லை. இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று சேதி வந்தது; அடுத்த வருஷம் ஆண் குழந்தை என்று வந்தது. சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம். சண்டையே இல்லாமல் போனவனை எந்த வழியில் போய்க் கூப்பிடுவது?

அது நடந்து நாலு வருஷம். அவள் தன் அம்மாவோடு அதே வீட்டில் இருந்தாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனாள், மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள், பீடத்துக்குப் போய் நன்மை என்கிற திருவிருந்து அப்பத்தை வாங்கினாள், கல்யாண மோதிரத்தைக் கழற்றவில்லை. பிளாஸ்டர் கலக்கும்போது மட்டும் அதைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் வைப்பாள், கை கழுவியதும் மறுபடி போட்டுக்கொள்வாள்.

முதல் கடிதத்தைக் கொண்டுவந்தவர் தபால்காரர். மனைவி இறந்து இரண்டு வருஷமான மனிதர், அதிகம் பேசமாட்டார். படியில் வழுக்கி முன்பல் போனபோது பல்லக்காதான் அவருக்கு ஒற்றைப் பல் செய்து கொடுத்தாள். அதிலிருந்து கடிதம் இல்லாத நாளிலும் கிளினிக் வாசலில் சைக்கிள் மணி அடிக்கும். "இன்னைக்கு ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒன்றும் இல்லை என்று சொல்வதற்காக ஒருவர் தினமும் வருவாரா என்று டாக்டர் கிண்டல் செய்வார். பல்லக்கா மெருகு மெஷினைச் சத்தமாக ஓடவிடுவாள்.

"பதிவுத் தபாலுங்க. ஆயர் இல்லத்துல இருந்து" என்று அன்றைக்குக் கையெழுத்து வாங்கினார்.

பிரித்துப் படித்தாள். மறைமாவட்டத்தின் திருமண நீதிமன்றம் எழுதியிருந்தது. அவளுடைய கணவர், தங்கள் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று அறிவிக்கும்படி மனு கொடுத்திருக்கிறார். காரணம்: மணமகள் தன் தகப்பனாரின் கட்டாயத்தாலும் அச்சத்தாலும் சம்மதித்தார். இது குறித்து அவள் நேரில் வந்து வாக்குமூலம் தர வேண்டும்.

அவள் இரண்டாம் முறையும் படித்தாள். அப்பா தையற்காரர். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்கிப்போகிற மனிதர். இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவர் யாரைக் கட்டாயப்படுத்தினார்? பிடிவாதம் பிடித்த பட்டனைக்கூட அவர் கட்டாயப்படுத்தியதில்லை.

அம்மாவுக்குச் சேதி முன்பே தெரிந்திருந்தது. மாப்பிள்ளை வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான்.

"கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி இருக்குடி" என்றாள் அம்மா. "அவனுக்கு அவளைக் கோயில்ல வச்சுக் கட்டணும். அவ வீட்டுக்காரங்க அதுல குறியா இருக்காங்க. கல்யாணம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்தா அவனுக்கு விடுதலை. உனக்கும்தான். முப்பத்தொன்பது வயசு ஒரு வயசா? அந்தத் தபால்காரர் நம்ம கோயில் ஆளு, தங்கமான மனுஷன். எனக்குக் கண்ணு தெரியலைன்னு நினைச்சியா?"

"அப்பா என்னைக் கட்டாயப்படுத்தினாராம்மா?"

"ஆமான்னு சொல்லிட்டுப் போயேன். செத்தவருக்கு என்ன வந்துடப்போகுது? பொண்ணு நல்லா இருந்தா மேல இருந்து சந்தோஷம்தான் படுவார்."

"வேதப் புத்தகத்து மேல கை வச்சுச் சொல்லச் சொல்வாங்க."

"நானும்தான் சொல்லப்போறேன். என்னையும் சாட்சியாப் போட்டிருக்காங்க. நான் என்ன நரகத்துக்கா போயிடுவேன்?" என்று சொல்லிவிட்டு அம்மா ஜெபமாலையை எடுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று முறை ஜெபமாலை சொல்கிறவள். மணியெல்லாம் வழுவழுவென்று தேய்ந்திருக்கும்.

அடுத்த வாரம் அவனே வந்தான். சமையலறை வாசலில் நின்றவன், வந்த காரியத்தைச் சொல்வதற்கு முன்னால், "பிரிட்ஜ் ஏன் இப்படிக் கத்துது?" என்றான். அவன் குனிந்து, பின்பக்கத்தை இழுத்து, எதையோ இறுக்கினான். சத்தம் நின்றது. ஓடிப்போன புருஷன் நாலு வருஷம் கழித்து வந்து பிரிட்ஜை ரிப்பேர் பண்ணிவிட்டுப் போனான் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் முழங்கால் போட்டு உட்காரும் விதம் மாறவே இல்லை என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு அவன் பேசினான். "நான் பண்ணினது தப்புதான். எழுதிக் கொடுன்னாலும் கொடுக்கிறேன். ஆனா அந்தக் குழந்தை என்ன பாவம் பண்ணுச்சு? அவளும் பூசைக்குப் போய் நன்மை வாங்க முடியாம மூலையில நிக்கிறா. நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாருக்கும் வழி பொறக்கும்."

"நடக்காததை நடந்ததுன்னு எப்படிங்க சொல்றது?"

"நடக்கலைன்னு யாரு சொன்னது? பீடத்துக்கு முன்னாடி நீ அழுதே. நன்மை வாங்கல. கல்யாணப் பொண்ணு நன்மை வாங்காத கல்யாணத்தை யாராவது பார்த்திருக்காங்களா? மனசாட்சி இடம் கொடுக்காமத்தானே நீ வாங்கல? போட்டோவே இருக்கு. மனுவோட வச்சிருக்கேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். தெரிந்துகொண்டே பேசுகிறானா என்று தேடினாள். கள்ளம் ஒன்றும் இல்லை. அவனுக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது.

நடந்தது இதுதான். கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்க அவள் சாப்பிடவில்லை. துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலை வெள்ளை கவுனும் முக்காடுமாகக் கோயிலின் பக்கவாட்டுக் கதவருகே நின்றபோது கால் நடுங்கியது. அவன் அதைப் பார்த்துவிட்டு அருகில் வந்து, கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு பிஸ்கட்டை எடுத்தான். "சீக்கிரம் சாப்பிடு. நீ மயக்கம் போட்டு விழுந்தா, என் மூஞ்சியைப் பார்த்துத்தான் விழுந்தேன்னு சொல்வாங்க" என்றான். அவள் சிரித்துக்கொண்டே தின்றாள். அவன் கையிலிருந்து வாங்கிய முதல் பொருள் அது. ருசியில் உலகமே மறந்துபோனது.

மணி அடித்தது. உள்ளே போனார்கள். சம்மதமா என்று குருவானவர் கேட்டபோது அவள் சொன்ன பதில் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பாட்டுக்காரப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அதற்கப்புறம், அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பீடத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. பிஸ்கட்! அப்பா சின்ன வயசிலிருந்து படித்துப் படித்துச் சொன்னது: பூசை மணி அடிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வாயில் ஒன்றும் படக்கூடாது, பட்டால் நன்மை வாங்கக்கூடாது. வாழ்க்கையில் ஒரே ஒரு கல்யாணப் பூசை, அதில் நன்மை இல்லையே என்று நினைத்ததும் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. குருவானவர் நன்மையோடு அருகில் வந்தபோது தலையை ஆட்டிவிட்டு அழுதாள். போட்டோக்காரனும் அந்த நேரம் பார்த்துத்தானா படம் எடுக்க வேண்டும்?

அன்று மாலையே அவனிடம் சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. பீடத்துக்குப் போகிற வரைக்கும் பொறுக்காமல் பிஸ்கட் தின்றவள் என்று பெயர் வாங்கவா? அதனால் ஊர் தானாக ஒரு கதை கட்டிக்கொண்டது: பெண்ணுக்கு இஷ்டமில்லை, தகப்பன் அமுக்கிக் கட்டி வைத்துவிட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தப் பேச்சு அப்பா காதுக்கும் போயிருக்கிறது. படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் ஒரு நாள் கேட்டார்: "இஷ்டமில்லாமலா உனக்குக் கட்டி வச்சேன்?" "இல்லப்பா" என்றாள். "அப்ப ஏம்மா அழுதே?" என்றார். அவர் சொல்லிக் கொடுத்த கட்டுப்பாட்டை மீறினேன் என்று அந்த நிலையில் சொல்ல வாய் வரவில்லை. "சும்மாப்பா" என்று தலையணையைச் சரிசெய்தாள். அவர் நம்பினாரா இல்லையா தெரியாது. அதுதான் அவளை உள்ளே அரித்தது.

இதையெல்லாம் அவள் அன்று புருஷனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எடுத்துக் கொடுத்து வருகிற ஞாபகம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா நம்பவில்லை. "பிஸ்கட்டுக்காக எவளாவது பீடத்துல நின்னு அழுவாளா? அவனைப் பழிவாங்கறியா, இல்ல என்னைக் கொல்லப் பார்க்கிறியா?" என்றாள். தங்கச்சி வந்து இன்னொரு பாட்டம் பேசினாள். "கோயிலே விடறேன்னு சொல்லுது, நீ பிடிச்சுக்கிட்டுத் தொங்கறே. போப்பாண்டவரைவிடப் பெரிய வேதக்காரியாக்கா நீ?"

"கோயில் உண்மையைத்தான் கேக்குது. உண்மையிலேயே செல்லாததுன்னா செல்லாதுன்னு சொல்லட்டும். நான் பொய் சொல்லி வாங்கற விடுதலை எனக்கு எதுக்கு? மனுஷங்க முன்னாடி செல்லும், ஆண்டவர் முன்னாடி செல்லுமா?"

"ஓடிப்போனவனுக்கு நீ என்ன விசுவாசம் காட்டறே?"

"அவருக்கு இல்லடி" என்று மட்டும் சொன்னாள். மேலே பேசினால் அழுதுவிடுவாள் போலிருந்தது. அவளுக்கும் ஆசை இல்லாமலா? சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் கை ஒரு நொடி நிற்கத்தான் செய்தது. சாயங்காலம் ஒருத்தருக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் சுகம் அவளுக்கும் மறக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் எல்லாம் கிடைக்கும்; ஆனால் அப்பா மகளை மிரட்டி மணமுடித்தவராவார், அந்தக் காலை நேரத்துச் சந்தோஷம் பொய்யாகிவிடும். பதினொரு வருஷத்தில் அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அம்மா முதலில் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று தங்கச்சி மூலமாகத் தெரிந்தது: அப்பா அளவு டேப்பால் அடித்தாராம், சாப்பாடு போடாமல் அறையில் பூட்டினாராம். டேப்பால் அடித்தால் கொசுகூடச் சாகாது. பூட்டுவதற்கு அந்த வீட்டில் ஏது அறை? ஆனால் சத்தியம் செய்து சொல்லியாகிவிட்டது. இனி மகள் உண்மை சொன்னால், பெற்றவள் பொய்க்காரி.

அவள் முறை வந்தது. ஆயர் இல்லத்தின் மாடி அறை. நீள மேஜை, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், ஓரத்தில் தட்டச்சு செய்ய ஒரு கன்னியாஸ்திரீ. நீதிபதியாக வயசான குருவானவர் ஒருவர். அவருடைய கீழ்ப் பல் செட் லூசு என்பது முதல் கேள்வியிலேயே பல்லக்காவுக்குத் தெரிந்துபோனது. 'ச' வரும் இடமெல்லாம் கிளிக் என்றது. அந்தப் பதற்றத்திலும் யாரோ மேலும் கீழும் கடிப்பதைச் சரிபார்க்காமல் செய்திருக்கிறார்கள் என்று மனசு ஓடியது. தொழில் புத்தி எங்கே போகும்?

நற்செய்தி நூலின் மேல் கை வைத்தாள். விரல் நுனியில் பிளாஸ்டர் இருந்தது.

"யாருக்கும் சாதகமாச் சொல்லணும்னு இல்லம்மா. எது உண்மையோ அதைச் சொன்னாப் போதும்" என்றார் குருவானவர். புகைப்படத்தை எடுத்து வைத்தார். வெள்ளை முக்காட்டுக்குள் இருபத்து நாலு வயசுப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். "ஏன் அழுதே? ஏன் நன்மை வாங்கல?"

அவள் சொன்னாள். கைக்குட்டையிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். தட்டச்சுச் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"பிஸ்கட் எத்தனை மணிக்குச் சாப்பிட்டே?"

"பத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும் ஃபாதர். பத்து மணிக்குப் பூசை."

"பிரசங்கம் பெரிசா?"

"நாப்பது நிமிஷம். ஆதாம் ஏவாளில இருந்து ஆரம்பிச்சார்."

"நன்மை கொடுக்கும்போது?"

"பதினொண்ணேகால் ஆயிருக்கும்."

குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஒரு மணி நேரம்ங்கறது பூசைக்கு முன்னாடி இல்லம்மா. நன்மை வாங்கறதுக்கு முன்னாடி. நீ அன்னைக்குத் தாராளமா வாங்கியிருக்கலாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாக மாறிவிட்டது. அப்பா சொன்ன கணக்கு தப்பு. அழுதது வீண். அந்த அழுகை இல்லையென்றால் போட்டோ இல்லை, ஊர்க்கதை இல்லை, மனு இல்லை. அப்பா நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார். கன்னியாஸ்திரீ எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சம்மதம்னு சொன்னப்ப மனசார சொன்னியா?"

"மனசாரச் சொன்னேன் ஃபாதர். அதைவிட மனசார என் வாழ்க்கையில எதையுமே சொன்னதில்லை." தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி சொன்னாள்: "எங்கப்பா என்னைக் கட்டாயப்படுத்தலைன்னு தனி வரியா எழுதச் சொல்லுங்க ஃபாதர். அவர் கேட்டப்ப நான் முழுசாச் சொல்லல."

கன்னியாஸ்திரீ குருவானவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அது தனி வரியில் ஏறியது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்க விரும்பவில்லை. "பெத்தவளைச் சாமியார் முன்னாடி பொய்க்காரி ஆக்கிட்டியே" என்றாள் அம்மா. பிறகு வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி மேஜையில் இருந்த தம்ளருக்குள் போட்டாள். மகள் செய்து கொடுத்த செட் அது, மேலும் கீழும். "நீ கட்டிக் கொடுத்த பல்லால இனிமே ஒரு பருக்கைகூட மெல்ல மாட்டேன்" என்று பொக்கை வாயோடு சொல்லிவிட்டு, துணி நாலைப் பையில் திணித்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்குப் போய்விட்டாள். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கோபத்தைப் பார்த்து இரண்டு பேருமே சிரித்திருப்பார்கள்.

ஏழு மாசம் கழித்துத் தீர்ப்பு வந்தது. தபால்காரர் கையெழுத்து வாங்கிவிட்டும் நகரவில்லை. ஊர்ப் பேச்சு அவருக்கும் தெரியும்தானே.

"நல்ல சேதிதாங்களே?" என்றார்.

அவள் படித்தாள். திருமணம் செல்லாதது என்பது நிரூபிக்கப்படவில்லை. "நான் கல்யாணமானவதான்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

அவர் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "சரிங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க கட்டின பல்லு நல்லா இருக்குங்க. ஆப்பிளே கடிக்கிறேன்" என்றார். மணி அடிக்காமல் போனார். அதற்கப்புறம் கடிதம் இருந்தால் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போவார். இல்லாவிட்டால் வரமாட்டார். அவள் அன்று முழுக்க ஒரே ஒரு கடைவாய்ப் பல்லை ராவிக்கொண்டிருந்தாள். ராவி ராவி அது உபயோகப்படாமல் போயிற்று.

அந்த மாசமே புருஷன் வந்தான். நீதிமன்றத்தில் வழக்குக் காகிதங்களை வாங்கிப் படித்திருக்கிறான். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றான்.

"பிஸ்கட் கொடுத்தது நானா?"

"நீங்கதான்."

"கைக்குட்டையில சுத்தியா?"

"ஓரத்துல கிரீஸ் கறைகூட இருந்தது."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்தான். "ஏன் அன்னைக்கே சொல்லல?"

"உங்களுக்குத் தானா ஞாபகம் வரும்னு இருந்தேன்."

அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் பக்கத்தில் உட்காரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. குழந்தைக்கு என்ன வயசு என்று கேட்டாள். மூன்று என்றான். பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பிறகு பதிவாளர் அலுவலகத்தில் அவன் அந்தப் பெண்ணை மணந்துகொண்டதாகக் கேள்விப்பட்டாள். பிரிட்ஜ் மறுபடி கத்தத் தொடங்கியது. வேறு மெக்கானிக்கைக் கூப்பிட அவளுக்கு மனசு வரவில்லை.

ஊர் இப்போது கதையை மாற்றிக்கொண்டது. தானும் வாழாமல் அவனையும் வாழவிடாமல் சட்டம் பேசினவள், பெற்ற தாயை வீட்டை விட்டு விரட்டினவள். அதற்கு அத்தாட்சியாக அவளுடைய அம்மாவைக் காட்டினார்கள். கிழவி ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறாள், ஆனால் நன்மை வாங்கப் போவதில்லை. எல்லாரும் எழுந்து போகும்போது பெஞ்சிலேயே குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மகள் செய்த காரியத்தில் மனசு ஒடிந்துவிட்டது, பாவம் என்றார்கள். அம்மா ஏன் போகவில்லை என்று பல்லக்காவுக்கு மட்டும் தெரியும். வேதத்தின் மேல் கை வைத்துப் பொய் சொன்னவள் அதைக் குருவானவரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்காமல் நன்மை வாங்க முடியாது. சொல்லவோ கௌரவம் விடவில்லை. மகளிடமே தோற்றதாகிவிடுமே. வீட்டில் தம்ளரில் கிடந்த பல் செட்டுக்குப் பல்லக்கா தினமும் தண்ணீர் மாற்றினாள்.

இப்படி ஒரு வருஷம் ஆகப்போகிற ஒரு ஞாயிறு. நன்மை வாங்கும் வரிசை அம்மா இருந்த பெஞ்சை ஒட்டி நகர்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா எழுந்தவள், பரிதாபப்பட்டுக் கேட்டாள்: "இன்னைக்காவது வாங்களேன். ஏன் இப்படி மனசை விட்டுட்டீங்க? அந்தப் பொண்ணாலதானே?"

"ஐயோ, அவளால இல்ல" என்றாள் அம்மா. பல் இல்லாததால் வார்த்தை குழறியது. "வர்ற வழியில ஒரு பிஸ்கட் தின்னுட்டேன்."

வரிசையில் வந்துகொண்டிருந்த பல்லக்காவுக்கு அது காதில் விழுந்தது. காலை எடுத்து வைக்க முடியவில்லை. பின்னால் வந்தவர் மெல்லத் தட்டினார். போனாள், நன்மை வாங்கினாள், திரும்பி வந்தவள் மூன்றாவது பெஞ்சுக்குப் போகாமல் அம்மாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டாள். அம்மாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: "எப்பம்மா தின்னே?"

அம்மாவும் திரும்பவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு வருஷம் ஆகப்போகுதுடி. இன்னும் செரிக்கல."

பூசை முடிந்து ஜனங்கள் கலைந்தபோது, இரண்டு பேரும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் விளக்கு எரிந்தது; குருவானவர் உள்ளே இருந்தார். அவள் அம்மாவைத் தோளைப் பிடித்து எழுப்பி அதுவரை கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் விட்டுவிட்டு விலகி நின்றாள். பார்த்துக்கொண்டு போன ஊர் அதற்கு என்ன காரணம் கட்டிக்கொண்டதோ, அவள் கேட்கப் போகவில்லை.